தீயோன் கூற்று: நகையும் அச்சமும் கலந்த கதைமரபு

கொலை செய்தவனே கொலையின் கதையைச் சொல்லுகிறான். சொல்லும்போது அழவில்லை, வருந்தவில்லை, கேட்பவர் சிரிக்கும்படி சொல்லுகிறான். படிப்பவர் முதலில் அஞ்சுகின்றனர்; அடுத்த பக்கத்தில் தம்மையறியாமல் சிரித்துவிடுகின்றனர்; அதற்கடுத்த பக்கத்தில், எதைக் கேட்டுச் சிரித்தோம் என்று எண்ணி நாணுகின்றனர். உளவியல் திகில் கதைகள் எனப்படுவனவற்றுள் ஒரு வகையின் இயல்பு இது. இவ்வகைக் கதைகளுக்கு உலகெங்கும் வாசகர் பெருகியுள்ளனர். இது மேலை நாட்டிலிருந்து வந்த சரக்கு என்றும், அறம் பேசும் தமிழ்மரபுக்கு அயலானது என்றும் கருதுவோர் உளர். அக்கருத்து ஓரளவே உண்மை. இதன் வேர்களுள் சில தமிழ் மண்ணில் மிக ஆழமாக ஓடியுள்ளன.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளுள் நகையையும் அச்சத்தையும் தனித்தனியே வைத்து, ஒவ்வொன்றும் பிறக்கும் நிலைக்களன்களை நந்நான்காகப் பகுத்துக் கூறுகிறது. நகை பிறக்கும் இடங்களுள் முதலில் நிற்பது எள்ளல். அச்சம் பிறக்கும் இடங்களுள் அணங்கோடும் விலங்கோடும் ஒருசேர எண்ணப்படுபவர் கள்வர். எனவே எள்ளி நகைக்கும் கள்வன் ஒருவன் வாய்திறந்தால் இரண்டு மெய்ப்பாடுகளும் ஒரே நேரத்தில் கேட்பவர் நெஞ்சில் எழும். இலக்கணம் பிரித்து வைத்த இரண்டும் ஒரே வாயிலிருந்து பிறக்கும்போது உண்டாகும் தடுமாற்றமே இக்கதைகளின் சுவை எனலாம்.

கூற்று மரபும் அதன் எல்லையும்

புலவன் தான் மறைந்து நின்று பிறர் வாயால் பேசும் கலையைத் தமிழருக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. சங்க அகப்பாடல்கள் யாவும் கூற்றுகளே. தலைவி, தலைவன், தோழி, செவிலி, கண்டோர் என ஒவ்வொருவரும் பேசப் புலவர் ஒதுங்கிக்கொள்கிறார். குறுந்தொகையின் 8ஆம் பாட்டில் ஆலங்குடி வங்கனார் காதற்பரத்தைக்குக் குரல் கொடுத்துள்ளார். தன்னிடத்தில் பெருமொழி பேசும் தலைவன், தன் வீட்டுக்குச் சென்றதும் கண்ணாடிக்குள் தெரியும் பாவை போல மனைவி ஆட்டுவித்தபடி ஆடுகிறான் என்று அவள் எள்ளுகிறாள். குற்றம் சாட்டப்பட்டவளே நீதிபதியின் இருக்கையில் அமர்ந்துகொண்டு நகைக்கும் அந்தக் குரல் இன்றைக்கும் புதிதாக ஒலிக்கிறது.

ஆயினும் கொலைஞனுக்கும் வஞ்சகனுக்கும் அகமரபு கூற்று வழங்கவில்லை. காப்பியங்கள் வழங்கின; அங்கும் பேச்சை வழங்கினவேயன்றிக் கதையை ஒப்படைக்கவில்லை. கம்பனின் இராவணன் தவக்கோலத்தில் சீதையின் குடில் வாயிலில் நின்று, தன் பெருமையை வேறொருவன் பெருமை போலப் புகழ்ந்துரைக்கிறான். புகழ்பவனும் புகழப்படுபவனும் ஒருவனே என்பதைப் படிப்பவர் அறிவர்; சீதை அறியாள். நகைக்கு இடமான அந்தக் காட்சியின் அடியில் கவர்தலின் அச்சம் கிடக்கிறது.

நடுநாட்டவருக்கு இன்னும் அணுக்கமான சான்று பெரியபுராணத்தில் உண்டு. திருக்கோவலூரை ஆண்ட மெய்ப்பொருள் நாயனாரைப் போரில் வெல்ல முடியாத முத்தநாதன், திருநீறு பூசி, ஏட்டுக்கட்டு ஒன்றைக் கையில் ஏந்தி அரண்மனைக்குள் நுழைகிறான். எங்கும் கிடைக்காத ஆகமநூல் அதனுள் இருப்பதாகச் சொல்லுகிறான். கட்டுக்குள் இருந்தது கத்தி. தீயவன் சொல்லும் கதைக்கு இதனினும் பொருத்தமான உருவகம் கிடைப்பது அரிது. வாசகர் கையில் வாங்குவது ஏடு. அதற்குள் இருப்பது கத்தி. ஆயினும் சேக்கிழார் அந்தக் கத்தியைக் கேட்பவரிடம் மறைக்கவில்லை. முத்தநாதன் வாயிலைக் கடக்குமுன்பே அவன் அகத்தின் இருளை அறிவித்துவிடுகிறார்.

பொற்கொல்லனின் சொற்பொழிவு

இவர்கள் எல்லாரையும் விஞ்சி நிற்பவன் சிலப்பதிகாரத்துப் பொற்கொல்லன். அரசியின் சிலம்பைத் திருடியவன் அவன். அந்தப் பழியை ஏற்றுவதற்கு ஒருவன் தேவைப்பட்ட வேளையில் கோவலன் சிலம்பு விற்க வந்து சேர்கிறான். கொலைக்களக் காதையில் காவலர் கோவலனைப் பார்த்ததும் தயங்குகின்றனர். இவன் தோற்றம் கொலைக்குரியவன் தோற்றம் அன்று என்கின்றனர். பொற்கொல்லன் மனத்துக்குள் நகைத்துக்கொண்டு பேசத் தொடங்குகிறான். கள்வர்க்குத் துணையாவன என மந்திரம், தெய்வம், மருந்து முதலாக எட்டினை அடுக்கி விளக்குகிறான். மருந்தால் மயங்கினால் அகப்படுவீர் என்றும், மந்திரத்தை உருவேற்றினால் கண்ணுக்கு மறைந்துபோவர் என்றும் அச்சுறுத்துகிறான். அரசிளங்குமரனின் மார்பணியைக் கவர்ந்த கள்வன் கதையையும் சொல்லி முடிக்கிறான்.

திருடியவனே களவுநூலுக்கு உரை சொல்லும் காட்சி இது. ஒவ்வொரு சொல்லும் அவனுக்கே பொருந்துவது. நகையின் உச்சம் இங்கேதான். அச்சத்தின் உச்சமும் இங்கேதான். உரை முடிந்ததும் அறிவு மழுங்கிய காவலன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான். காவலர் மெத்தக் கெட்டவர்கள் அல்லர். அவர்கள் முதலில் ஐயுற்றவர்கள். நன்றாகக் கதை சொல்லத் தெரிந்த ஒருவனிடம் காதைக் கொடுத்தவர்கள். அவ்வளவே அவர்கள் செய்த பிழை.

இங்கே இளங்கோவடிகள் ஒரு பாதுகாப்புச் செய்திருக்கிறார். சிலம்பு யார் கையில் உள்ளது என்பதைப் படிப்பவருக்கு முன்பே சொல்லிவிட்டார். எனவே படிப்பவர் கரையில் நிற்கின்றனர். வெள்ளத்தில் சிக்கியவர் காவலர் மட்டுமே. பழைய காப்பியங்களின் பொதுநெறி இது. தீயோன் எவ்வளவு இனிக்கப் பேசினும் அவன் தோளுக்குப் பின்னால் புலவர் நின்று கண்காட்டிக்கொண்டே இருப்பார். அந்தப் புலவர் விலகிப் போய்விட்டால் என்ன ஆகும்? படிப்பவரும் காவலர் வரிசையில் போய் நிற்க நேரும். இக்கதைவகையின் வரலாறு புலவர் படிப்படியாக விலகிய வரலாறேயாகும்.

காஞ்சியில் எழுந்த கள்வன் குரல்

அந்த விலகலின் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று தமிழகத்தில் எழுந்தது என்பது பலரும் மறந்த செய்தி. பல்லவர் காலத்துக் காஞ்சியோடு தொடர்புடையவர் தண்டி. அவர்தம் அணிநூலைத் தழுவி எழுந்ததே தமிழ்த் தண்டியலங்காரம். அதே தண்டி வடமொழியில் இயற்றிய உரைநடைக் கதை 'தசகுமார சரிதம்'. இராசவாகனன் என்னும் அரசகுமாரனைப் பிரிந்த தோழர்கள் மீண்டும் கூடித் தத்தம் அனுபவங்களைத் தாமே எடுத்துரைக்கின்றனர்.

அவர்களுள் அபகாரவர்மன் கன்னக்கோல் கள்வன். சம்பை நகரத்துக் கருமிகளுக்குச் செல்வம் நிலையாமையை உணர்த்துவதே தன் தொழிலின் நோக்கம் என்று அறவோனைப் போலப் பேசுகிறான். சுவர் துளைக்கும் கருவி, அளவுநூல், கயிறு, விளக்கை அணைக்கும் வண்டுகள் அடைத்த பேழை எனத் தன் கருவிகளை ஒவ்வொன்றாகச் சொல்லுகிறான். துளை வழியே முதலில் நீட்டிப் பார்க்க ஒரு பொய்த்தலையும் உண்டு. உள்ளே எவரேனும் வெட்டக் காத்திருந்தால் வெட்டுப்படுவது அத்தலைதான். உபகாரவர்மனின் கதை இன்னும் இருண்டது. அழகற்ற அரசன் ஒருவனை, வேள்வித்தீயால் அழகிய உடல் பெறலாம் என்று ஆசைகாட்டி வரவழைத்து, அவன் உள்ளத்து இரகசியங்களை எல்லாம் அவன் வாயாலேயே சொல்லவைத்து, கொன்று தீயிலிட்டு, தானே புதிய உடல் பெற்ற அரசனாக அரியணையில் அமர்கிறான். இவை யாவும் தோழர் அவையில் மகிழ்ச்சியோடு சொல்லப்படுகின்றன. கண்டிக்க அங்கே புலவர் குரல் இல்லை.

இதற்கு இணையான மேடைக்காட்சி சூத்திரகரின் 'மிருச்சகடிக'த்தில் உண்டு. பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியார் அதனை 'மண்ணியல் சிறுதேர்' எனத் தமிழாக்கினார். சார்விலகன் என்னும் அந்தணக் கள்வன் நள்ளிரவில் சுவரில் எவ்வடிவத்தில் துளையிடுவது என்று சிற்பியைப் போல ஆராய்கிறான். அளவுநூலை மறந்து வந்ததை உணர்ந்ததும் பூணூலால் அளந்துகொள்கிறான். தன்போன்றோர்க்குப் பூணூல் எத்தனை வகையில் பயன்படுகிறது என்று வியக்கவும் செய்கிறான். களவுக்கும் ஓர் இலக்கணம் உண்டென்ற பெருமிதமே இப்பாத்திரங்களின் நகைச்சுவைக்கு அடிப்படை. 2013இல் வெளிவந்த நலன் குமரசாமியின் 'சூது கவ்வும்' திரைப்படத்தில் ஆள்கடத்தலுக்கு ஐந்து விதிகள் வகுத்துக்கொண்டவன், அறிந்தோ அறியாமலோ, இந்தக் கள்வர்களின் வழித்தோன்றலே.

மேலை நாட்டுக் குரல்கள்

மேலை நாட்டில் இக்குரல் கூர்மை பெற்றது 19ஆம் நூற்றாண்டில். இராபர்ட் பிரௌனிங் 1842இல் வெளியிட்ட 'மை லாஸ்ட் டச்சஸ்' கவிதையில் பிரபு ஒருவன் இறந்த மனைவியின் ஓவியத்தை விருந்தினருக்குக் காட்டுகிறான். நாகரிகம் குன்றாத அந்தப் பேச்சின் இடையே, அவள் சாவுக்கு அவனே காரணம் என்பது கசிந்துவிடுகிறது. வந்திருப்பவரோ அடுத்த திருமணம் பேச வந்த தூதர். கவிதைக்கு உரிய வடிவமாகத் தீயோன் கூற்று நிலைபெற்றது இங்கே. அடுத்த ஆண்டு, 1843இல், எட்கர் ஆலன் போ 'தி டெல் டேல் ஹார்ட்' சிறுகதையை வெளியிட்டார். கிழவரைக் கொன்றவன் தான் பித்தன் அல்லன் என்று நிறுவுவதற்காகவே கொலையை எவ்வளவு கவனமாகச் செய்தான் என்று விவரிக்கிறான். நிறுவ முயலும் ஒவ்வொரு சொல்லும் அவனுக்கு எதிரான சாட்சியாகிறது.

1926இல் அகதா கிறிஸ்டியின் 'தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்டு' நாவல், துப்பறிவாளனுக்குத் துணைநின்று கதை சொல்லிவந்தவனே கொலையாளி என்று முடிந்து வாசகரைத் திகைக்க வைத்தது. 1952இல் ஜிம் தாம்சன் எழுதிய 'தி கில்லர் இன்சைடு மீ' நாவலில் ஊர்க்காவல் அதிகாரி ஒருவன் தேய்ந்துபோன நன்மொழிகளையும் பழமொழிகளையும் அடுக்கி எதிரில் இருப்பவரைச் சலிப்பூட்டி வதைக்கிறான், வதைப்பதை மகிழ்ச்சியோடு வாசகருக்கும் சொல்லுகிறான், கொலையும் செய்கிறான். 1955இல் வெளிவந்த நபக்கோவின் 'லோலிடா' இவ்வகையின் மிக அழகிய மொழிநடையும் மிகக் கொடிய உள்ளடக்கமும் கொண்டது. சிறுமியைச் சிதைத்தவன் சொல்லழகால் வாசகரை மயக்குகிறான். அந்நூலில் உள்ள நகையை எல்லாம் சுவைத்து முடித்தபின், அச்சிறுமி தன் வாயால் தன் கதையைச் சொல்லும் ஒரு பக்கமும் அதில் இல்லை என்பது உறைக்கிறது.

புலவர் முற்றிலும் விலகிய நிலை இது. இங்கே கரை இல்லை. வாசகர் காவலர் வரிசையில் நிற்கின்றனர்.

விருத்தாசலம் என்னும் பெயர்

தமிழ் உரைநடையில் இருண்ட நகைக்கு ஆசான் என ஒருவரைச் சுட்ட வேண்டுமானால் அவர் புதுமைப்பித்தனே. முதுகுன்றத்தின் வடமொழிப் பெயரையே தம் இயற்பெயராகக் கொண்டவர் சொ. விருத்தாசலம். 1906இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்து, செஞ்சி, திண்டிவனம், கள்ளக்குறிச்சி எனத் தென்னார்க்காட்டு ஊர்களில் இளமைக் கல்வி பயின்றபின் திருநெல்வேலி சென்றவர். முசோலினியின் வரலாற்றுக்குப் 'பாசிஸ்ட் ஜடாமுனி' எனப் பெயரிட்டவர். இட்லரைப் பற்றிய நூலுக்குக் 'கப்சிப் தர்பார்' என்பது பெயர். கொடுங்கோலரையும் எள்ளலால் அளக்கலாம் என்ற துணிவு அத்தலைப்புகளிலேயே தெரிகிறது.

1943இல் வெளிவந்த 'காஞ்சனை' இவ்விடத்து நினைக்கத்தக்கது. அதன் கதைசொல்லி கொலைஞன் அல்லன், எழுத்தாளன். ஆனால் பிறர் நம்பும்படி பொய் சொல்லுவதே தன் பிழைப்பு என்பதைத் தொடக்கத்திலேயே தெரிவித்துவிடுகிறான். பின்னர் பேயா, பிரமையா என்று துணியவொண்ணாத நிகழ்ச்சிகளைச் சொல்லுகிறான். பொய்யன் என்று தன்னை ஒப்புக்கொண்டவன் சொல்லும் உண்மையை என்ன செய்வது? இந்தச் சிக்கலைத் தமிழ்ச் சிறுகதைக்குள் கொண்டுவந்தவர் புதுமைப்பித்தன். அவருக்குப் பின் ஜி. நாகராஜன் 'குறத்தி முடுக்கு' (1963), 'நாளை மற்றுமொரு நாளே' (1974) ஆகிய நூல்களில், மரியாதையுள்ள சமூகம் பேசத் தயங்கும் மனிதரை மன்னிப்புக் கேட்காமல் நடமாடவிட்டார்.

வார இதழ்த் தொடர்கதைகளும் மாத நாவல்களும் குற்றக் கதைகளைப் பெருக்கிய காலத்திலும் அவை பெரும்பாலும் துப்பறிவாளரின் பக்கமே நின்றன. திரைப்படம் சிறிது வேறு வழியில் சென்றது. 1954இல் எசு. பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' பாடல்களே இல்லாமல் வந்த படம். நாட்டைக் காட்டிக்கொடுத்தவனாகச் சிவாஜி கணேசன் நடித்தார். அதில் தீயவன் இறந்து கிடக்கிறான்; மற்றவர் வாய்வழியே கதை விரிகிறது. 1978இல் பாரதிராஜாவின் 'சிகப்பு ரோஜாக்க'ளும், இராஜேந்திரகுமாரின் 'இதுவும் ஒரு விடுதலைதான்' நாவலைத் தழுவி 1980இல் பாலு மகேந்திரா எடுத்த 'மூடுபனி'யும் கொலைஞனை நடுவில் நிறுத்தின. அவன் ஏன் அவ்வாறானான் என்பதற்குப் பிள்ளைப் பருவத்துக் காயங்களைக் காரணம் காட்டின. கொன்றவனுக்கு ஒரு பிள்ளைப் பருவம் கிடைத்தது. கொல்லப்பட்ட பெண்களுக்கு அதுகூட இல்லை. பார்வையாளர் அப்பெண்களைப் பற்றி அறிந்தவை அவர்கள் இறந்த விதம் மட்டுமே. இக்கதைவகையின் மிகப் பெரிய ஊனம் இதுவென்பதை மறைக்க இயலாது.

சென்னையில் 1974இல் பிறந்த அரவிந்த் அடிகா எழுதி 2008இல் புக்கர் பரிசு பெற்ற 'தி ஒயிட் டைகர்' இந்த ஊனத்தை வேறு வகையில் காட்டிக்கொடுக்கிறது. முதலாளியைக் கழுத்தறுத்துக் கொன்று பெங்களூரில் தொழிலதிபரான காரோட்டி பல்ராம், சீனப் பிரதமருக்கு ஏழு இரவுகள் கடிதம் எழுதுகிறான். அவன் எள்ளல் ஒரு நாட்டின் ஏற்றத்தாழ்வையே தோலுரிக்கிறது. வாசகர் அவன் பக்கம் சாய்கின்றனர். தன் செயலுக்குப் பழியாகத் தன் குடும்பமே அழிக்கப்படலாம் என்று தெரிந்தே செய்தான் என்பதை அவன் போகிறபோக்கில் சொல்லும்போதுதான், சிரித்துக்கொண்டிருந்தவர்க்கு உடல் குளிர்கிறது.

சிறையில் எழுதிய கதை

கற்பனை நூல்களில் எழும் இக்கேள்வி தமிழகத்தில் ஒருமுறை உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ஆறு கொலைகளுக்காகத் தூக்குத்தண்டனை விதிக்கப்பட்ட ஆட்டோ சங்கர், 1991இல் செங்கற்பட்டுக் கிளைச் சிறையில் ஏறத்தாழ 300 பக்கத்தில் தன் வரலாற்றை எழுதினான் என்றும், உயர் அதிகாரிகள் சிலரோடு தனக்கிருந்த தொடர்பை அதில் வெளிப்படுத்தினான் என்றும் கூறப்பட்டது. 'நக்கீரன்' இதழ் அதனைத் தொடராக வெளியிட முற்பட்டபோது, அது பொய்யானது என்று கூறிச் சிறைத்துறைத் தலைமை தடுக்க முயன்றது. இதழின் ஆசிரியர் தரப்பு உச்ச நீதிமன்றத்தை நாடியது. 1994 அக்டோபர் 7இல் வழங்கப்பட்ட தீர்ப்பு இந்தியச் சட்ட வரலாற்றில் நிலைபெற்றுவிட்டது.

அத்தீர்ப்பு கதைமரபு நோக்கிலும் ஆழ்ந்து படிக்கத்தக்கது. அதிகாரிகள் தமக்கு அவதூறு நேருமென அஞ்சி ஒரு நூலை முன்கூட்டியே தடுக்க இயலாது என்றது நீதிமன்றம். பொது ஆவணங்களில் உள்ள அளவுக்கு ஒருவன் வரலாற்றை அவன் ஒப்புதல் இன்றியும் வெளியிடலாம். அதைக் கடந்தால் அவன் தனிமை உரிமையில் தலையிட்டதாகலாம் என்றது. கொலைஞனுக்கும் தனிமை உண்டு என்பதே இதன் பொருள். இன்னொன்றையும் நீதிமன்றம் மறக்கவில்லை. வன்கொடுமைக்கும் கடத்தலுக்கும் ஆளான பெண்ணின் பெயரை வெளியிட்டு அவளை மேலும் இழிவுக்கு உள்ளாக்கலாகாது என்று விலக்கு வகுத்தது. தீயவன் கதை சொல்லும் உரிமையைப் பேசிய அதே தீர்ப்பு, அக்கதைக்குள் பேச்சின்றிக் கிடப்பவளையும் எண்ணிப் பார்த்தது. ஆட்டோ சங்கர் 1995 ஏப்ரலில் சேலம் மத்தியச் சிறையில் தூக்கிலிடப்பட்டான்.

இதற்கு நெருங்கிய மற்றொரு நிகழ்வு சந்தன மரக் கடத்தலிலும் பல கொலைகளிலும் தொடர்புடைய வீரப்பனின் குரல். 1990களில் 'நக்கீரன்' செய்தியாளர் காட்டுக்குள் சென்று பதிவு செய்த நேர்காணல்கள், அவன் 2004இல் கொல்லப்பட்டு நெடுநாள் கழித்து, 2023இல் 'கூச முனிசாமி வீரப்பன்' என்னும் ஆவணத் தொடராயின. அவனே தன் கதையைச் சிரிப்போடும் நடிப்போடும் சொல்லுகிறான். அத்தொடர் அவன் பேச்சோடு நிறுத்தவில்லை. தேடுதல் வேட்டையின்போது காவலர் கையில் துன்புற்ற எளிய மலைமக்களின் சொற்களையும் அருகில் வைத்தது. ஒருவன் சிரிப்புக்குப் பக்கத்தில் இன்னொருவர் கண்ணீரை வைக்கும்போதுதான் சிரிப்பின் எடை தெரிகிறது.

மச்சம்

இக்கதைகளைப் படிப்பதால் விளையும் பயன் யாது? தீயோருக்குப் பேச்சே வழங்கலாகாது என்பாருக்குச் சிலப்பதிகாரமே விடை தருகிறது. கோவலன் கொலைக்குப் பின்னர், பாண்டிய அரியணையில் ஏறிய வெற்றிவேற்செழியன் ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டான் என்கிறது காப்பியம். ஒருவன் செய்த தீமைக்கு ஒரு தொழிலினர் முழுவதும் உயிர் கொடுத்தனர். தீயோனைத் தனி மனிதனாகக் கேட்க மறுக்கும் சமூகம் அவன் தீமையை அவன் குலத்தின்மேல் ஏற்றிவிடும். பொற்கொல்லனின் பேச்சைச் சொல் சொல்லாகக் கேட்டவர்க்கு, அத்தீமை அவனுக்கே உரியது, அவன் தொழிலுக்கு உரியது அன்று என்பது விளங்கும். தீயோன் கூற்றைப் படிப்பதன் முதற்பயன் இது.

இரண்டாவது பயன் இன்னும் அண்மையில் உள்ளது. 2003இல் விருத்தாசலத்தை அடுத்த புதுக்கூரைப்பேட்டையில், சாதி கடந்து மணந்த இளம் இணையர் பெண்ணின் உறவினரால் ஊரார் முன்னிலையில் நஞ்சூட்டிக் கொல்லப்பட்டனர். கடலூர் நீதிமன்றம் தண்டனை வழங்கியது 2021இல். இடையே 18 ஆண்டுகள் ஓடின. இத்தகைய கொலைகளைச் செய்வோர் தம்மைத் தீயோர் என்று எண்ணுவதில்லை. மானம், குடி, ஊர்ப்பேச்சு என அவர்களுக்கும் ஒரு கதை இருக்கிறது. அதைக் கேட்டுத் தலையாட்டும் காவலர் வரிசையும் இருக்கிறது. நாவலில் வரும் கொலைஞனின் பேச்சில் விரிசலைக் கண்டறியப் பழகிய காது, தெருவில் ஒலிக்கும் பேச்சிலும் அதைக் கண்டறியும். பீங்கான் தொழிற்பேட்டையும் பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசு நிறுவனமும் உள்ள இவ்வூரில் இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. மேற்பூச்சின் பளபளப்பு விரிசலை மறைக்கும். விரலால் சுண்டினால் ஒலி காட்டிக்கொடுத்துவிடும்.

விருத்தாசலத்தில் வாழும் எழுத்தாளர் இமையத்தின் படைப்புகள் இவ்வகையில் ஒரு நெறியைக் காட்டுகின்றன. 'பெத்தவன்', மகளைக் கொல்லுமாறு ஊர் நெருக்க, அவளைத் தப்பவிட்டுத் தன் உயிரை விடும் தந்தையின் கதை. 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற 'செல்லாத பணம்' நாவலில், தீக்காயங்களோடு புதுவை மருத்துவமனையில் கிடக்கும் ரேவதியின் கணவனுக்கும் பேச வாய்ப்புண்டு. ஆனால் அந்தப் பேச்சைத் தீக்காயப் பிரிவின் நாற்றத்துக்கும் ஓலத்துக்கும் நடுவில் வைத்தே வாசகர் கேட்க வேண்டியிருக்கிறது.

முதுகுன்றத்துக்குரிய சுந்தரர் வரலாறு இதற்கு ஒரு சொல்லைத் தருகிறது. இறைவன் அருளிய 12,000 பொன்னை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுக்குமாறு சுந்தரர் பணிக்கப்பட்டார். ஆற்றில் இடுமுன் பொன்னில் ஒரு துண்டை வெட்டிக் கையில் வைத்துக்கொண்டார். மாற்றுரைத்துப் பார்க்க வைத்துக்கொள்ளும் அத்துண்டுக்கு மச்சம் என்று பெயர். குளத்தில் எடுத்த பொன்னின் மாற்றுக் குறைந்தபோது, அதை அறியச் செய்தது கையில் இருந்த மச்சமே. அருளாளரே மச்சம் வெட்டி வைத்துக்கொண்டார் என்றால், தீயவன் கையிலிருந்து கதை வாங்கும் வாசகர் வெறுங்கையோடு செல்லலாகாது. கதைசொல்லியின் கைக்கு எட்டாத ஒரு துண்டு உண்மை வாசகரிடம் இருத்தல் வேண்டும். பெரும்பாலும் அது கதையில் பேச வாய்ப்பில்லாதவரின் உண்மையாகவே இருக்கும்.

மதுரை அவையில் கண்ணகியிடம் இருந்ததும் அத்தகைய மச்சமே. பொற்கொல்லனிடம் எட்டு வகைத் துணைகளும், கள்வர் கதைகளும், நயமான நாவும் இருந்தன. அவளிடம் ஒற்றைச் சிலம்பு இருந்தது. அரசியின் சிலம்பில் முத்து. அவள் சிலம்பில் மாணிக்கம். உடைத்துக் காட்டியதும் அவ்வளவு நீண்ட சொற்பொழிவும் ஒரு பரலுக்கு முன் நிற்கவில்லை.